கல்பாக்கத்தில் ஓடாத நிச்சயதார்த்தம்

ஒவ்வொரு வீட்டிலும் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒருவன் இருப்பான். அவனுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் போதும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அந்தப் பதவியைச் சில வருடம் நான் வகித்தேன். அது எப்படிப் பறிபோனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

டிவிடி பிளேயர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசித்த காலம். (மிகைப்படுத்துகிறேன். ஆனால் ரொம்ப இல்லை.) என் அக்கா வசந்திக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் மாப்பிள்ளை அமைந்தது. ஆடி பிறப்பதற்குள் நிச்சயத்தை முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். நாளை மாற்ற முடியவில்லை. நிச்சயம் அவர் இல்லாமலேயே நடந்தது. "பரவால்ல, நல்லபடியா நடக்கட்டும்" என்று போனில் சொன்னவர், அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோவையாவது உடனே கொண்டுபோய்க் காட்டிச் சமாதானம் செய்யலாம் என்றால், வீடியோக்காரர் "கல்யாணம் முடிஞ்சதும் ஒண்ணா போட்டுத் தரேன்" என்றுவிட்டார். அங்கேதான் நான் மார்தட்டினேன். அவர் எடுத்ததை அப்படியே கம்ப்யூட்டருக்கு வாங்கி, நானே டிஸ்க்கில் பதிந்தேன். கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தோம். அப்பா தட்டு மாற்றினார், அக்கா வெட்கப்பட்டாள் (நேரில் அவ்வளவு படவில்லை), எல்லாம் ஜோராக ஓடியது.

"எதுக்கும் டில்லி கடையில ஒரு தபா போட்டுப் பாத்துட்டு எடுத்துகினு போடா" என்றாள் அக்கா. டில்லிபாபு என் சிநேகிதன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சிடி கடை வைத்திருந்தான்.

"அவனுக்கு இன்னா தெரியும்?" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பழக்கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் நிச்சயத்துக்கு வந்த கோலம். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள்கள் இரண்டு பேர் வேறு.

டிஸ்க்கை பிளேயருக்குள் தள்ளினேன். கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். அப்புறம் திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது.

"டிஸ்க் இல்லன்னு வருதே, போட்டியா?" என்றார் அப்பா.

"போட்டேம்பா."

"அப்ப ஏன் இல்லன்னுது?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. வெளியே எடுத்தால் கையில் பளபளவென்று இருக்கிறது. உள்ளே போனால் இல்லாமல் போகிறது. நான்கு தடவை எடுத்துப் போட்டேன், நான்கு தடவையும் இல்லை. தலைகீழாகவும் போட்டுப் பார்த்தேன். (கம்ப்யூட்டர் தெரிந்த பையன்!) அப்பா வாங்கி வேட்டி முனையால் துடைத்தார். மாப்பிள்ளையின் அப்பா, "கடல் காத்து சம்பந்தி. உள்ள கண்ணாடியில உப்பு பூத்திருக்கும்" என்று பிளேயர் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் ஒரு பக்திப் பாட்டு டிஸ்க்கைப் போட்டதும் அது கணீரென்று பாடியது. பக்கத்து வீட்டு பிளேயரில் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டு ஓடினேன். அது 'லோடிங்' என்று கால்மணி நேரம் யோசித்துவிட்டு, டிஸ்க்கை வெளியே துப்பியது.

திரும்பி வந்தபோது அத்தை (மாப்பிள்ளையின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தலையிலிருந்த பூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "நிச்சயத்துக்கும் நான் போவல. இப்ப அது என் வூட்டுக்கும் வர மாட்டேங்குது. வுடுப்பா, எனக்குக் குடுத்து வைக்கல" என்றார்.

அதைக் கேட்டதும் நான் ஆடிப்போனேன். செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். அந்த வீட்டில் அங்கேதான் சிக்னல் கிடைத்தது. கத்தினால்தான் கேட்டது. டில்லியைப் பிடித்தேன்.

"மச்சான், கம்ப்யூட்டர்ல ஓடிச்சிடா. இங்க இல்லவே இல்லங்குது!"

"பதிஞ்சிட்டு டிஸ்க்க ஃபைனலைஸ் பண்ணியா?" என்றான் டில்லி. "கடைசியில மூடுறியா, ஓபனா வுடுறியான்னு கேக்கும் பாரு. மூடலன்னா பிளேயருக்கு அது வெத்துத் தட்டு."

ஆமாம், கம்ப்யூட்டர் கேட்டது. நினைவு வந்தது.

"இல்லடா, ஃபைனலைஸ் பண்ணல!" என்று கத்தினேன். "வேணும்னுதான் ஓபனா வுட்டு வச்சேன்!"

"எதுக்குடா?"

"இதவிட நல்லதா எதனா வந்தா அப்பால சேத்துக்கலாம்னுதான்!"

"சரி, இங்க எடுத்துகினு வா. அந்த வூட்ல ஒண்ணும் பண்ண முடியாது. கடையில க்ளோஸ் பண்ணிடலாம்."

"அப்ப இங்க செல்லாதா? சரி வுடு, நாளைக்கே க்ளோஸ் பண்ணிடலாம்!"

டில்லி பேசியது என் காதுக்கு மட்டும். நான் பேசியது அந்த வீடு முழுவதற்கும். நிம்மதியாகத் திரும்பினேன். (ஆமாம், நிம்மதியாக.) பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"இன்னா சம்பந்தி," என்றார் அத்தை மெதுவாக. "பொண்ணுக்கு வேற எடம் பாத்துகினு கீறீங்களா?"

அப்பா மறுத்திருந்தால் அதோடு போயிருக்கும். அவருக்கும் ஒன்றும் புரியவில்லையே. வெளிறிப்போய் என்னைப் பார்த்து, "டேய், எனக்குத் தெரியாம இன்னாடா நடக்குது? வசந்தி எதனா சொன்னாளா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"ஐயோ, கல்யாணம் இல்லப்பா, டிஸ்க்கு! டிஸ்க்குதான் ஃபைனலைஸ் ஆவல. கல்யாணம் ஆயிடுச்சி. ஆவல, ஆவப்போவுது. நிச்சயத்தத்தான் மூடாம வுட்டுட்டேன்!"

வாயைத் திறக்கத் திறக்க மோசமானது. அக்காவின் கல்யாணத்தை ஒரு போன் காலில் முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. அழவும் செய்தேன். இருபத்துமூன்று வயது, மறைமலைநகரில் வேலை, மீசை வேறு.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அத்தைதான் கேட்டார். "அழுவாம சொல்லு. எதுக்கு மூடாம வுட்ட?"

"டிஸ்க்குல பாதி காலியா இருந்திச்சி அத்த. கல்யாணத்தையும் அதுலயே போட்டுட்டா ரெண்டும் ஒண்ணா இருக்குமேன்னு... வீடியோக்காரர் இன்னும் நல்லா எடுத்தாருன்னா அதையும் சேக்கலாம்னு..."

"கல்யாணத்துக்குன்னு எடம் வுட்டு வச்சியா?"

"ஆமா அத்த."

அவர் கொஞ்ச நேரம் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுல நான் இருப்பன் இல்ல?" என்றார்.

"நீங்க இல்லாம எப்படி அத்த?"

"அப்ப மூடாத. அப்படியே இருக்கட்டும். கல்யாணத்தப் போட்டு எடுத்துகினு வா, ரெண்டையும் ஒண்ணா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அப்புறம், "வசந்திக்குப் போன் போட்டுக் குடு" என்றார். அன்றைக்கு வீட்டில் அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள் என்று அம்மா சொன்னாள்.

கல்யாணத்தில் அத்தை கைத்தடியோடு மணமேடையை விட்டு இறங்கவே இல்லை. அதைப் பதிந்து மூடும் வேலையை அக்கா டில்லியிடம் கொடுத்துவிட்டாள்.

நான்கு வருடம் கழித்து எனக்குப் பெண் அமைந்தது. என் நிச்சயத்தன்று, தட்டு மாற்றப் போகும் நேரத்தில், அத்தை நிறைந்த சபையில் எழுந்து பெண்ணின் அப்பாவிடம், "கையோட ஃபைனலைஸ் பண்ணிடுங்க. இந்தப் புள்ள இன்னும் நல்லதா வரும்னு ஓபனா வுட்டு வைக்கிற ஆளு" என்றார். எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பெண் வீட்டார் தட்டைக் கையில் பிடித்தபடி முழித்தார்கள். அப்பா அரைமணி நேரம் டிவிடியைப் பற்றி விளக்கினார். (அப்பா விளக்கினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) என் மாமனாருக்குப் பாதிதான் புரிந்தது. இன்றைக்கும் நான் தனியாக ஊருக்குக் கிளம்பினால், "மாப்பிள்ளை, எப்ப திரும்பி வருவீங்க?" என்று இரண்டு தடவை கேட்கிறார்.