பிரேக் வாத்தியாரின் பதினான்கு நாள் டீ

அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சட்டம் ஒட்டியிருந்தது. இயற்றியவர் குடும்பத் தலைவர். தலைவர் என்பது அவராகவே வைத்துக்கொண்ட பட்டம், அதைப் பற்றி வீட்டில் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

வெளியில் அவருக்குப் பெயர் பிரேக் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். தடுமாறாவிட்டாலும் மிதிப்பார். பழக்க தோஷம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சொந்தக் காரில் மனைவி ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து அதே இடத்தில் ஓங்கி மிதிப்பார். அங்கே பிரேக் கிடையாது, ரப்பர் மிதியடிதான் உண்டு. ஆறு வருடத்தில் மூன்று மிதியடிகள் ஓட்டை விழுந்து உயிரை விட்டன.

ஒருநாள் மனைவி பின்னால் எடுக்கும்போது கார் வாசல் தூணை லேசாக உரசிவிட்டது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கு ஒரு கீறல். வாத்தியாருக்கு மட்டும் பலத்த காயம்.

"இன்னைக்குத் தூணு, நாளைக்கு சிக்னலு" என்று சொல்லிவிட்டு அன்றே பேனாவை எடுத்தார். 'ஒன்று: சாலை விதியை மீறுபவர் ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். இரண்டு: பின் சீட்டில் இருப்பவர் ஓட்டுபவருக்கு எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது.'

மனைவி நிதானமாகப் படித்தாள்.

"அபராதச் சீட்டு வந்தாத்தானே மீறினதா அர்த்தம்?"

"அதெப்படி? கேமரா இல்லாத இடத்துல மீறினா அது மீறல் இல்லையா? சீட்டெல்லாம் வேண்டாம். கண்ணால பார்த்த சாட்சி ஒண்ணு போதும்."

"யாரு சாட்சி?"

"பக்கத்துல நான்தானே உட்கார்ந்திருப்பேன்."

"அப்ப சரி. அதையும் எழுதிடுங்க."

எழுதினார். அடிக்கோடும் போட்டார். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிறாள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக விதவிதமான பொய்களைக் கேட்டுத் தேர்ந்த காது அது. ஒரே பையனுக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை தாத்தா தவறிப்போனதைக்கூடப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவள்.

யானைக்கும் அடி சறுக்கும். வாத்தியாருக்குச் சக்கரமே சறுக்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு நாற்பது. தனியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். செருப்புக் கடை முனையில் இருக்கும் சிக்னலை நெருங்கும்போது, பக்கத்து வரிசையில் ஒரு நீலக் கார் நின்றிருந்தது. முன் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே. வாத்தியாருக்கு இது பொறுக்காது. சாப்பாட்டில் கல் இருந்தால்கூட மென்று விழுங்கிவிடுவார், கோட்டுக்கு வெளியே சக்கரம் இருந்தால் முடியாது. கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நீட்டினார். ஆள்காட்டி விரலை ஆட்டினார்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தணும். கோட்டுக்கு இந்தப் பக்கம்."

இப்படி அவர் உபதேசம் செய்துகொண்டிருந்தபோது அவருடைய கார் அதே கோட்டை அமைதியாகத் தாண்டி, சிவப்பு விளக்கையும் தாண்டி, நாற்சந்தியின் நடுவே போய்க்கொண்டிருந்தது. நீலக் கார்க்காரர் வாயைப் பிளந்தார். எங்கோ ஒரு ஹாரன் அலறியது. அந்த நேரம் பார்த்து ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை வெளிச்சம்.

கேமரா. சந்தேகமே இல்லை.

அடுத்த தெருவில் வண்டியை ஓரம் கட்டினார். யார் மேலாவது மோதியிருந்தால் என்ற நினைப்பில் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பயம் அடங்கியதும் அடுத்த பயம் எழுந்தது. கார் மனைவி பேரில் இருக்கிறது. கல்யாண நாளுக்குப் பரிசாக அவரேதான் அப்படிப் பதிந்தார். 'பேர் உனக்கு, சாவி எனக்கு' என்று அன்று பெருமையாகச் சொன்னார். ஆக, அபராதச் சீட்டு மனைவி பேருக்குத்தான் வரும். சீட்டு வந்தால் சட்டம் வரும். சட்டம் வந்தால் பின் சீட்டு. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்து போக வேண்டும்.

அன்று மாலை மனைவி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினாள்.

"ஸ்கூல் அடையாள அட்டைக்கு எடுத்தேன். எப்படி வந்திருக்கு பாருங்க, பேயறைஞ்ச மாதிரி."

உண்மைதான். கண் இரண்டும் பிதுங்கி, வாய் பாதி திறந்து, புருவம் முடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வாத்தியார் இருந்த நிலையில் படமா தெரியும்?

"ரொம்ப அழகா இருக்கு."

"கண்ணு வெளியில விழற மாதிரி இல்லை?"

"உனக்குக் கண்ணுதானே அழகே."

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"வேற எதாவது சொல்லணும்னு தோணுதா?"

"எனக்கென்ன தோணப்போகுது?"

"ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்." படத்தை ஃபிரிட்ஜ் கதவில், சட்டத்துக்குக் கீழே, காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வாத்தியார் கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பிடித்தார். போன வருடம் அவருக்கு இப்படி ஒரு சீட்டு வந்தது ஊரறிந்த விஷயம்.

"என் நண்பர் ஒருத்தர் தெரியாம சிவப்புல போயிட்டாராம். சீட்டு எத்தனை நாள்ல வரும்னு கேக்கறாரு."

"எனக்குப் பதினாலாம் நாள் வந்துச்சு. அதுக்குள்ள வரலைன்னா வராதுன்னு சொல்றாங்க. நண்பர் ரொம்பப் பயந்துட்டாரோ?"

"சேச்சே, அவர் தைரியசாலி."

"அப்ப நீங்க ஏன் வேர்த்துக் கொட்டறீங்க?"

பதினான்கு நாள். வாத்தியார் திட்டம் போட்டார். முதலில் தபால் பெட்டிச் சாவி தன் கைக்கு வர வேண்டும். இரண்டாவது, ஒருவேளை குட்டு உடைந்தால் மனைவி மனம் இளக வேண்டும், அதற்கு இப்போதே நல்ல பேர் வாங்கி வைக்க வேண்டும்.

"தபால் பெட்டிச் சாவியை இனிமே நானே வச்சுக்கறேன்."

"எதுக்கு?"

"நீ குனிஞ்சு குனிஞ்சு திறக்கறே. முட்டி வலிக்கும்."

"எனக்கு முட்டி வலியே இல்லையே."

"வந்துடக் கூடாதேன்னுதான்."

மனைவி மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் வாத்தியாருக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் மரியாதையே வந்துவிட்டது.

அதற்கடுத்த காலை அவள் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் ஆவி பறந்தது.

"என்னங்க இது?"

"டீ."

"அது தெரியுது. ஏன்?"

"தினமும் நீயே போடறியே, பாவம்."

"இருபது வருஷமா போடறேன். இன்னைக்குத்தான் பாவம்னு தெரிஞ்சுதா?"

"நல்லது நினைக்க நாள் பார்க்கணுமா?"

"நாளெல்லாம் பார்க்க வேண்டாம். சர்க்கரை மட்டும் நாளைக்கு ஒரு ஸ்பூன் கம்மியா போடுங்க."

நாளைக்கு என்று அவள் சொன்னதிலேயே விஷயம் முடிந்துவிட்டது. காலை டீ, இரவுப் பாத்திரம், ஞாயிற்றுக்கிழமை துணி மடிப்பு என்று வேலைகள் ஒவ்வொன்றாக வாத்தியார் தோளில் ஏறிக்கொண்டன. தினமும் பதினொரு மணிக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓடிவந்து தபால் பெட்டியைக் குடைந்துவிட்டுத் திரும்ப ஓடினார். ஏழாம் நாள் ஒரு பழுப்பு உறை கிடந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப்போகிறார்கள், வாளியில் நீர் பிடித்து வைக்கவும் என்றிருந்தது. அந்தக் கடிதத்தை முத்தமிட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். வாத்தியாருக்கு வழி முழுக்கப் பயம். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே அந்த வெளிச்சம் ஞாபகம் வந்தது. சாவியை மனைவியிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் தன்னால் எழும்பியது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

செருப்புக் கடை சிக்னலில் மனைவி மஞ்சளுக்கே நிறுத்தினாள்.

"சரியா நிறுத்தியிருக்கேனா?"

"பிரமாதம்."

"கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே?"

வாத்தியாருக்குத் தேள் கொட்டியது போலிருந்தது. திருடனுக்குக் கொட்டிய தேள், கத்த முடியாது. திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வழக்கம்போல்தான் இருந்தது.

வேலையிலும் நிம்மதி இல்லை. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் மருத்துவர் அம்மா ஒருநாள் கேட்டார்: "தெரியாம சிவப்புல போயிட்டா என்ன சார் ஆகும்?" வேறு சமயமாக இருந்தால் அரை மணி நேரப் பிரசங்கம் நடந்திருக்கும். அன்று வாத்தியார் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பதினான்காம் நாள் வந்தது. தபால் பெட்டியில் ஒரு தையல் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது.

"உங்க நண்பர் தப்பிச்சுட்டாரு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "போய் நிம்மதியா தூங்கச் சொல்லுங்க."

நண்பர் தூங்கினார். அப்படி ஒரு தூக்கம். மறுநாள் சனிக்கிழமை, வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலுக்கு வந்த பிறகுதான் எழுந்தார். சோம்பல் முறித்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். பதினான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"டீ எங்க? சாவி எங்க? இனிமே நான்தான் ஓட்டுவேன். ரெண்டு வாரமா பார்த்துட்டுத்தான் இருக்கேன், திரும்பும்போது நீ இண்டிகேட்டர் போடறது லேட்டு. கிளட்ச்சைப் போட்டு அந்த மிதி மிதிக்கறே. மஞ்சளுக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தக் கூடாது."

மனைவி முழுவதையும் கேட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

"எதுக்கு இப்போ?"

"படிங்களேன்."

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். அடிக்கோட்டுக்கு வரும்போது குரல் இறங்கியது. "கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று போதும்."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"உன் போட்டோ."

"எங்க எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. செருப்புக் கடைக்குப் பக்கத்துல என்ன கடை?"

வாத்தியார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் அந்தப் படத்தில் இருந்த முகம் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது.

"ஸ்டுடியோ."

"முன்பக்கம் பூராக் கண்ணாடி. உள்ள உட்கார்ந்தா ரோடு நல்லாத் தெரியும். போட்டோ எடுக்கறவரு அசையாதீங்கம்மா, அசையாதீங்கம்மாங்கறாரு. எதிர்ல பார்த்தா நம்ம காரு. ஜன்னலுக்கு வெளியில ஒரு விரலு. மேல சிவப்பு லைட்டு. எப்படிங்க அசையாம இருக்கறது?"

"அப்ப அந்த வெளிச்சம்?"

"எனக்கு அடிச்ச ஃப்ளாஷ். அந்த முனையில கேமராவே கிடையாதாம். வைக்கறோம் வைக்கறோம்னு நாலு வருஷமா சொல்லிட்டிருக்காங்களாம்."

வாத்தியார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பயம் போனதில் உடம்பு லேசானது. வெட்கம் வந்ததில் மறுபடி கனத்தது. படத்தைக் காந்தத்திலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"பின்னே? அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு லாரி வந்திருந்தா? எனக்கு உயிரே இல்லை. நீங்க முழுசா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிரிப்பு வந்துச்சு."

சட்டம் அவருடையது. அடிக்கோடும் அவருடையது. ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே போய்ப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

கார் கிளம்பியது. பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருந்தது. காற்று நன்றாக வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தெருவில் சக்கரங்களைத் தவிர மரங்களும் இருப்பதைப் பார்த்தார். மனைவி ஓட்டுவதில் குற்றம் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. ஆலோசனைதான் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாமே என்று தொண்டையைச் செருமினார்.

"முதல் நாளே தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"கடைசி வரைக்கும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னைக்கு மட்டும் ஏன் சொன்னே?"

மனைவி சரியான நேரத்தில் இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு டீ வரலையே."