ஹோஷிம் தோற்கப் போன தேர்வு

ஹோஷிம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அந்த வாரம் அவர் எடுத்த முடிவு: மனைவி மஸ்தூரா பட்டப் படிப்பில் சேரக் கூடாது.

நமங்கான் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர் அவர். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், வண்டியை நிறுத்த இன்னொரு பிரேக் அவர் காலடியில் இருக்கும். வீட்டிலும் அப்படி ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்.

மஸ்தூரா ஜவுளி ஆலையில் பதினாலு வருடமாகச் சாயம் கலக்குகிறாள். பட்டம் வாங்கிய இளைஞர்கள் மூன்று பேர் அங்கே வேலைக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் அவள்தான் தொழில் கற்றுக்கொடுத்தாள். மூன்று பேரும் அவளுக்கு மேலதிகாரி ஆனார்கள். மூன்றாமவனை முதல் தடவை "ஐயா" என்று கூப்பிட்ட அன்று, வீட்டுக்கு வந்தவள் சால்வையைக்கூடக் கழற்றவில்லை.

"நான் படிக்கப் போறேன்" என்றாள்.

சாயத் தொழிலுக்கு நல்ல படிப்பு கொரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. அது ஹோஷிமுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு கல்யாண விருந்தில், புலாவ் தட்டைச் சுற்றி மஹல்லாவே, அந்தப் பேட்டை முழுக்க, உட்கார்ந்திருக்க, அவர் மார்தட்டினார்: "அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன். அந்தப் பல்கலைக்கழகம் நமங்கானுக்கு வரட்டும், நானே சேத்துவிடறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பல்கலைக்கழகம் சிரிக்கவில்லை. இரண்டே வருடத்தில் வந்துவிட்டது.

பழைய பட்டு ஆலைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கிளை என்று பலகை மாட்டினார்கள். வாத்தியார்கள் விமானத்தில் வருவார்கள். வினாத்தாள் சியோலிலிருந்து வரும். பட்டத்திலும் சியோல் முத்திரைதான். மாணவர்கள் மட்டும் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அதிலும் மாலை வகுப்பு!

"பட்டம்தானே வேணும்? கடைல வாங்கித் தரேன். மொட்டை மாடில நின்னு விடு" என்றார் ஹோஷிம்.

"அது காத்தடிக்கிற பக்கம் போகும். எனக்கு நான் போற பக்கம் வர்ற பட்டம் வேணும்."

"முப்பத்தெட்டு வயசுல பள்ளிக்கூடப் பையைத் தூக்குவியா? சனங்க சிரிக்காது?"

"சனங்களைத் துர்சுனலி ஐயா பாத்துக்குவாரு. அவருகிட்ட சொல்லிட்டேன்."

துர்சுனலி மஹல்லாத் தலைவர். விருந்தில் ஹோஷிமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். கொடுத்த வாக்கிலிருந்து யாரையும் நழுவவிடாத மனிதர்.

ஹோஷிம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போய்ச் சேர்க்கைக் கையேட்டை வாங்கி வந்தார். நான்காம் பக்கத்தில் கண்கள் பளிச்சிட்டன.

"வகுப்புல சேர ஆங்கிலச் சான்றிதழ் வேணுமாம்" என்றார், வருத்தப்படுகிற குரலில்.

மஸ்தூரா அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"இதை எப்ப வாங்கின?"

"நீங்க சாய்கானாவுல டீ குடிச்சுக்கிட்டுச் சதுரங்கம் ஆடினீங்களே, அந்த ரெண்டு வருஷத்துல."

அப்போதுதான் அவருக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. மறுநாள் துர்சுனலியை வீட்டுக்கு அழைத்து, தேநீர் ஊற்றி, அவர் முன்னாலேயே அறிவித்தார். "மனைவியைத் தனியா அனுப்ப மனசு வரலை. நானும் படிக்கறேன். ரெண்டு பேரும் தேர்வு எழுதறோம். ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சா ரெண்டு பேரும் போறோம். ஒருத்தருக்குக் கிடைக்கலேன்னாலும் ரெண்டு பேரும் வீட்டோட."

துர்சுனலிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னை மாதிரி புருஷன் எங்க கிடைப்பான்!"

மஸ்தூரா கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களில் கொஞ்சம் நின்றாள். பிறகு, "சரி, சம்மதம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. ஹோஷிம் அதை யோசித்திருக்க வேண்டும். வெற்றிக் களிப்பில் யோசிக்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. தோற்பது என்ற உறுதியோடு போனார். ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. பெயரை மட்டும் எழுதினார், அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். மிச்ச நேரத்தில் மஸ்தூராவைப் பார்த்தார். சாயக் கறை போகாத விரல்கள் தாளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றி யாரும் இல்லாதது போல எழுதினாள். ஒரு பதிலாவது எழுதலாமா என்று பேனாவை எடுத்தார். முடிவு முடிவுதான் என்று மூடி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை முடிவை ஒட்டினார்கள். முதல் பட்டியலில் இரண்டாவது பெயர் மஸ்தூரா. ஹோஷிம் மேலிருந்து கீழே தேடினார், கீழிருந்து மேலே தேடினார். தன் பெயர் இல்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார்.

"என்ன செய்யறது மஸ்தூரா, நமக்குக் கொடுத்து வைக்கலை. வா, வீட்டுக்குப் போகலாம்."

"அந்தப் பக்கம் இன்னொரு பட்டியல் இருக்குங்க."

இருந்தது. 'ஆயத்த ஆண்டு' என்று தலைப்பு. அதில் முதல் பெயர், ஓர் எழுத்துக் குறைவாக, அவருடையது.

அலுவலக ஜன்னலுக்கு ஓடினார். "இது தப்பு! நான் ஒண்ணுமே எழுதலை!"

"தெரியும் அகா" என்றாள் உள்ளே இருந்த பெண், அண்ணனிடம் பேசுவது போல அன்பாக. "தோத்தவங்களை நாங்க விட்டுடறதில்ல. ஒரு வருஷம் ஆங்கிலம் உட்பட எல்லாத்தையும் அடிப்படைலேர்ந்து சொல்லிக்கொடுத்து மேல ஏத்துவோம்."

"சைபர் வாங்கினவனைக்கூடவா?"

"அவங்களுக்குத்தான் முதல் இடம். ரொம்பத் தேவைப்படறவங்க இல்லையா?"

ஹோஷிம் திரும்பினார். மஸ்தூரா கையேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பதினோராம் பக்கம். நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க. முழுசாப் படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் வர மாட்டேன்!"

"தாராளமா. வழியில துர்சுனலி ஐயா வீட்டுல இறங்கி, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவோம்."

ஜன்னலுக்குள்ளிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை ஒன்று நீண்டது. ஹோஷிம் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மஸ்தூரா நாடாவை நேராக்கிவிட்டு, வகுப்பு அட்டவணையை விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சுங்க. எனக்கு வகுப்பு அஞ்சு மணிக்கு. உங்களுக்கு ஏழுக்குத்தான். சமைச்சு வச்சுட்டு வந்துருங்க."