நாற்பது நிமிடக் காற்று

மான்ட்ரியாலில் வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்கென்றே ஒரு செயலகம் உண்டு. 'ஊடாடு கலைப் படைப்புகள் ஊக்குவிப்பு மற்றும் ஒருங்கிணைப்புச் செயலகம்' என்பது அதன் சுருக்கப்பெயர். அதன் மூன்றாம் மாடியில், அதிகாரி தெலோர்ம் முன்னால் நோயெமி உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய கேம் சின்னது. விண்வெளி நிலையத்தில் ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். காற்று நாற்பது நிமிடத்துக்குத்தான். அதற்குள் பதினொரு பூட்டுகளின் புதிரை அவிழ்த்து, ரேடியோ அறைக்குப் போய், பூமியில் இருக்கும் அக்காவிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: 'அப்பா சாவுக்கு நான் வராதது வேலையால இல்ல, பயத்தால.' அதோடு கேம் முடிந்தது.

வாக்கியம் நோயெமியுடையதுதான். நிஜ அக்கா ஒடீல் தொலைவில், காஸ்பே என்ற கடலோர ஊரில் இருக்கிறாள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை போன் செய்தால் எடுக்க மாட்டாள். கேம் என்றால் ஒன்றையும் விடமாட்டாள். எனவே வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காக நோயெமி இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு விண்வெளி நிலையமே கட்டினாள். உதவித்தொகை வந்தால்தான் அது வெளியே வரும்.

"ரொம்ப உருக்கமா இருக்கு மேடம்," என்றார் தெலோர்ம். "ஆனா விதி பன்னெண்டின்படி படைப்பு ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது."

"காத்து நாப்பது நிமிஷத்துக்குத்தான் சார் இருக்கு."

"கூட்டிக் குடுங்க. உங்க காத்துதானே?"

காற்று ஆறு மணி நேரமாக உயர்த்தி ஆணையிடப்பட்டது. அடுத்த மாதம் தொழிலாளர் நலப் பிரிவு ஆட்சேபம் தெரிவித்தது. ஆறு மணி நேரம் ஒரு பெண் தன்னந்தனியாக, இடைவேளை இல்லாமல் வேலை பார்ப்பதாவது?

"தனிமைதான் சார் கதையே."

"இன்னொருத்தரைப் பக்கத்துல உக்கார வைங்க. பேசவெல்லாம் வேணாம். நானும் ரெஜானும் பதினோரு வருஷமா இதே ரூம்லதான் இருக்கோம். தனிமைக்கு ஒரு குறையும் வந்ததில்ல."

பக்கத்து மேஜையில் இருந்த ரெஜான் தலை நிமிரவில்லை.

பிறகு, புதிர் அவிழ்க்கத் தெரியாதவர்கள் மனம் புண்படக்கூடாது என்று ஒவ்வொரு பூட்டின் மேலும் விடை எழுதிய பலகை மாட்டப்பட்டது. அந்த ஊர் மொழிச் சட்டப்படி பிரெஞ்சில் பெரிதாக, ஆங்கிலத்தில் சிறிதாக. ஒருவர் ஸ்கேலோடு வந்து திரையில் எழுத்தை அளந்துவிட்டுப் போனார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் தெலோர்ம். "இப்போ எல்லா கேம்லயும் மீன் பிடிக்கறாங்க. உங்களுதுல மீனே இல்லியே?"

"சார், இது விண்வெளி."

"அதான் இடம் தாராளமா இருக்கே, ஒரு குளம் வெட்டுங்க."

நோயெமிக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஒடீலை நினைத்துக்கொண்டாள். "அந்தக் கடைசி வாக்கியத்துல மட்டும் கை வைக்காதீங்க சார்."

"கலைஞரோட சுதந்திரத்துல நாங்க எப்ப மேடம் தலையிட்டோம்?" தெலோர்முக்கு நிஜமாகவே மனம் வருந்தியது.

குளம் வெட்டப்பட்டது. மீன் பிடிப்பது ஓய்வு நேரம் என்பதால், அப்போது காற்று குறையக்கூடாது என்று தொழிலாளர் நலப் பிரிவு ஒரு திருத்தமும் கொண்டுவந்தது.

கேம் வெளியாகி ஓகோவென்று ஓடியது. விண்வெளியின் கொடிய தனிமையை இத்தனை அமைதியாக யாரும் காட்டியதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு லட்சம் பேர் ஆடினார்கள். ரேடியோ அறைவரை வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். அவர்களிலும் பலர் குளத்துக்கு வழி தெரியாமல் வந்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"நான்தான்டி, ஒடீல்."

"அக்கா... கேம் ஆடினியா?"

"மூணு வாரமா வேற வேலையே பாக்கல. எப்படிடி இவ்ளோ அருமையா பண்ணினே?"

"முடிவு... முடிவு பாத்தியாக்கா?"

"முடிவு வேற இருக்கா? நான் குளத்தை விட்டே நகரலடி. நூத்திப் பன்னெண்டு மீன் பிடிச்சுட்டேன். அந்த நீல மீன் மட்டும் சிக்கவே மாட்டேங்குது. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அக்கா லைனில் இருக்கிறாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இரண்டு வருஷமாக மனப்பாடம். நடுவில் ஒரு பூட்டும் இல்லை, காற்றுக்கும் பஞ்சமில்லை. நோயெமி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அதுக்குப் புழு போடாதக்கா," என்றாள். "ரொட்டித் துண்டு போடு."