முப்பத்தோரு நாளும் ரன்

அகராதியைக் கையில் வைத்திருக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருப்பது எல்லோருக்கும் நல்லது. நான் அப்படிப்பட்ட ஒரு பெண்ணாக இருந்தேன். ஆங்கில எம்.ஏ. முடித்த கையோடு சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்துவிட்டது. விருதுநகரில் எங்கள் தெருவில் ஆங்கிலம் படித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். தினமும் காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அகராதியை எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்துக்கொள்வேன். (திறக்க மாட்டேன். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் எனக்கு வாந்தி வரும்.)

தினசரி காலண்டர் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே தேதி, நடுவில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், அடியில் ஒரு வரிப் பழமொழி. அந்த வருடம் எங்கள் ஊர் எண்ணெய் வியாபாரி ஒருவர் தன் கடைக் காலண்டரில் பழமொழி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியமாம். அடியில் தினம் ஓர் ஆங்கிலச் சொல், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், தமிழில் பொருள், இவை மூன்றும் வேண்டுமாம். எங்கள் முதலாளி அண்ணாச்சி இதை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஜனவரி, பிப்ரவரித் தாள்கள் கொண்டாட்டமாகப் போயின. பல்லில் மாட்டிக்கொள்ளும் சொல்லாகத் தேடித் தேடி எழுதினேன். பாதிச் சொற்களை நானே அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஏப்ரல் மாதத் தாள்களுக்கு வந்தபோது சரக்கு தீர்ந்துவிட்டது. அண்ணாச்சியோ, ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி வெளியாக வேண்டும், எங்கே, எங்கே என்று என் தலைக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் அகராதியில் ரன் என்ற சொல்லைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

ரன் என்றால் ஓடு. அவ்வளவுதான் என்று நம்பித்தான் ஊரே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பஸ் ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், குழாயில் தண்ணீர் வந்தாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். ஒரு சொல் ஒரு மாதத்துக்கே சோறு போடும் என்று எனக்குத் தெரிந்துபோனது. மே மாதத்தின் முப்பத்தோரு தாளுக்கும் ரன் ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. மக்களுக்கு ஆழமான ஆங்கிலம் தருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ராமனும் சீதையும் வந்து வந்து எனக்கு அலுத்துவிட்டது. தெரிந்த ஆட்களைப் போட்டால் வாக்கியம் உயிரோடு இருக்கும் என்று தோன்றியது. (யாருடைய உயிர் போகும் என்று தோன்றவில்லை.) மே மூன்றாம் தேதி அண்ணாச்சி அச்சகத்தை நடத்துகிறார். நான்காம் தேதி அண்ணாச்சி தெருநாயைக் கண்டு ஓடுகிறார். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமைத் தாளுக்கு, துணியில் சாயம் போவதும் ரன்தான் என்ற பொருள் வந்து வாய்த்தது. உடனே எனக்குப் பாக்கியம் அத்தை ஞாபகம் வந்தது.

பாக்கியம் அத்தை அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. ஆமத்தூரில் இருக்கிறாள். மாமா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் அக்கா கல்யாணத்துக்கு அத்தை ஒரு சிவப்புச் சேலை எடுத்துக் கொடுத்தாள். முதல் துவைப்பிலேயே அதன் சாயம் மொத்தமும் இறங்கி, கூட ஊறப் போட்டிருந்த அப்பாவின் வேட்டிகளெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. அம்மா இதை யாரிடமோ சொல்ல, அது நடந்து ஆமத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சேலையால்தான் சண்டை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பேச்சு நின்ற வீட்டைப் பற்றி எழுத என்ன பயம்? கையில் பேனாவும் உடம்பு முழுக்கத் திமிரும் இருந்தன. எழுதினேன்: “தி சாரி கிவன் பை ஆமத்தூர் பாக்கியம் ரன்ஸ்.” அதற்குக் கீழே தமிழில்: “ஆமத்தூர் பாக்கியம் கொடுத்த சேலையில் சாயம் போகிறது.” வேறு பாக்கியங்கள் யாரும் வருத்தப்பட்டுவிடக் கூடாது என்றுதான் ஊர்ப்பெயரையும் சேர்த்தேன். நல்ல மனசு எனக்கு.

அச்சுக்குப் போகுமுன் யாராவது தடுத்திருக்கலாம். ஆனால் காலண்டர் அச்சகத்தில் எல்லோருடைய கண்ணும் ராகு காலத்தின் மேலேயே இருக்கும். அது ஒரு நிமிடம் தப்பினால் வாங்கியவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அண்ணாச்சி முகூர்த்த நாட்களை மூன்று முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடியில் தன்னை நாய் துரத்தியதை அவர் கவனிக்கவே இல்லை.

காலண்டர் வெளியே போயிற்று. பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். யாரும் எதிர்பார்க்காமல் பாக்கியம் அத்தை தேங்காய் பழத் தட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பழசை எல்லாம் விடு, என் மகனுக்கு உன் மகளைக் கொடு என்று அப்பாவிடம் கேட்டாள். அம்மா அழுதேவிட்டாள். அத்தைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அப்பா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை மகன் கதிரேசன் அத்தானை எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிடிக்கும். அப்போது சூலக்கரையில் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். சண்டையால் இவர் நமக்கு இல்லை என்று ஆகிவிட்டதில்தான் எனக்கு அத்தை மேல் அவ்வளவு கோபம். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அத்தானே நேராக வீட்டுக்கு வருகிறார் என்று சந்தோஷம் பொங்கி வந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அத்தை கிளம்பிப் போனதும் எங்கள் வீட்டுக் காலண்டரிலிருந்து அந்தத் தாளை உருவி அடுப்பில் போட்டேன். ஆமத்தூரில் இந்தக் காலண்டர் இருக்கவே கூடாது என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

மாசி மாதம் நாள் குறிக்க ஆமத்தூர் போனோம். பொண்ணு எதுக்கு என்று சித்தப்பா கேட்டார். அத்தை வீடுதானே, அவளும் வரட்டும் என்று அத்தையே சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அத்தான் இல்லை. டிவிக்கு மேலே ஆணியில் தொங்கிய எண்ணெய்க்கடைக் காலண்டர்தான்.

நாள் குறிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஜோசியர் வருவார், சுவரில் இருக்கிற காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வைகாசி மாதத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை தலைகளும் அதற்குள் எட்டிப் பார்க்கும். அந்த வாக்கியத்தை ஒருவர் படித்தாலும் போதும். கல்யாணமும் போச்சு, அத்தானும் போச்சு.

வாசலில் ஜோசியரின் வண்டிச் சத்தம் கேட்டது. வரவேற்க எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். ஹாலில் நானும் காலண்டரும் மட்டும். ஓடிப்போய் மே மாதத்தைத் தூக்கிப் பிடித்தேன். நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவுவது சாதாரண வேலை இல்லை. தகரப் பட்டை விடவே மாட்டேன் என்றது. பல்லைக் கடித்து ஓர் இழு இழுத்தேன். தாள் வந்தது, மேல் ஓரத்தில் ஒரு கிழிசலை மட்டும் விட்டுவிட்டு. கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, டிவியைத் துடைப்பது மாதிரி முந்தானையை வைத்துத் தேய்த்தேன். திரும்பி வந்த சித்தப்பா, கல்யாணத்துக்கு முந்தியே வேலையைத் தொடங்கிட்டா பாருங்க என்று மெச்சினார்.

ஜோசியர் உட்கார்ந்தார். காலண்டர் அவர் மடிக்குப் போயிற்று. கட்டங்களைப் பார்த்துவிட்டு, வைகாசியில் ஒரு வியாழக்கிழமை ரெண்டு பேருக்கும் பிரமாதமா இருக்கு, பாக்கியத்தம்மாவும் அந்த நாளைத்தான் விசாரிச்சாங்க என்றபடி தாளைப் புரட்டினார். செவ்வாய், புதன், வெள்ளி. மறுபடியும் பின்னால் வந்தார். புதன், வெள்ளி. தாளை எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். கிழிந்த ஓரம் மட்டும் அவர் விரலில் ஆடியது.

“என்னம்மா இது, முகூர்த்தத் தேதியையே காணோம்?” என்றார்.

குறிக்கிற நாளே கிழிந்து போயிருந்தால் யாருக்குத்தான் நல்லதாகத் தோன்றும்? சித்தப்பா செருப்பைத் தேடுவது போல வாசலைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்று இருந்தது. அத்தான் காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தை எழுந்தாள். யார் கிழித்தது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். எலி கடித்திருக்கும் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். எலி ஒரே ஒரு வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்துக் கடிக்குமா என்று ஜோசியர் கேட்டார்.

“அந்தத் தாளு வராம இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே கெடையாது,” என்றாள் அத்தை.

தாளைக் காட்டினால் அவமானத்தில் கல்யாணம் நிற்கும், காட்டாவிட்டால் அபசகுனத்தில் நிற்கும். எப்படியும் நிற்கப் போகிறது, அம்மா கையாவது சூடாகட்டும் என்று இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். எம்.ஏ. படித்த வாயிலிருந்து ஒரு முழு வாக்கியமும் வரவில்லை. அத்தை, நான், அப்ப கோவத்துல, தெரியாம என்று எதையோ உளறினேன். அழுகை வேறு வந்து மூக்கு ஒழுகியது. (அதுவும் ரன்தான்.)

அத்தை தாளை வாங்கித் தொடைமேல் வைத்து நீவினாள். ஒரு வரியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள்.

“நல்லவேள, பேரு கிழியல,” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா அத்தை என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? காலண்டர் வந்தன்னைக்கே பூராத் தாளையும் பொரட்டிப் பாத்துட்டேன். கீழ தமிழ்லதான போட்டுருக்க. சாயம் போச்சுன்னு எழுதியிருக்க. போனது நெசந்தான, புள்ள.”

பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஏலே, ஒம் மூத்த மக கல்யாணப் பத்திரிகையில எம் பேர எம்புட்டுத் தேடுனேன் தெரியுமா? ஒங்க மாமா போனதும் எம் பேரும் அவரோடயே போயிருச்சாம். எனக்குக் கோவம் அதுலதாம்லே, சேலையில இல்ல. இந்தப் புள்ளதான் ஊர்ப்பேரோட சேத்து அச்சுல போட்டா. அம்புட்டு வீட்டுச் சுவருலயும் நான் இருக்கேன். அதான் அந்த நாளையே வைக்கச் சொன்னேன்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா எழுந்துபோய், தப்பு எங்க மேலதான் மதினி என்று அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கோ சாவதற்கு ஒரு குழி கிடைக்காதா என்றிருந்தது. ஏனென்றால் அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தியதும் நான்தான். ஒற்று, கமா, புள்ளி எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தேன். அத்தை பெயர் இல்லாதது எனக்குப் பிழையாகவே தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

எங்களை மீட்டது அத்தான்தான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். ஜோசியரும் சேர்ந்துகொண்டார். தாளைச் சோற்றுப் பருக்கை வைத்து இருந்த இடத்திலேயே ஒட்டி, மஞ்சள் குங்குமம் தடவி, அதே வியாழக்கிழமையைக் குறித்தார்கள். எங்கள் பத்திரிகையில் அத்தை பெயரை நானே முதல் வரியில் போட்டேன். கல்யாணத்தன்று காலையில் அத்தை அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. அன்றோடு அந்த வீட்டில் அந்த வருடம் நின்றுபோனது, வேறு காலண்டர் வாங்கித்தான் மாட்டினோம்.

இது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. நான் இன்னும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறேன். அண்ணாச்சி அந்த நாய் வாக்கியத்தை மே நான்காம் தேதிதான் பார்த்தார், என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அத்தையோ வருடா வருடம் காலண்டர் சீசன் தொடங்கும்போது, நான் எந்தத் தேதியில வாறேன் என்று கேட்டுவிடுவாள். இது சொந்தக்காரர்களுக்கும் பரவி, எங்கள எப்பத் திட்டப்போற என்று விசேஷ வீடுகளில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். சித்தப்பாவுக்குத் தன்னை இதுவரை ஒரு முறைகூடத் திட்டவில்லை என்று மனத்தாங்கல்.

போன வருடம், மருமகளாக லட்சணமாக நடந்துகொள்வோம் என்று, பாக்கியம் அன்பும் பொறுமையும் உள்ளவர் என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“இது எந்தப் பாக்கியமோ. நான்தான்னு எவனுக்குத் தெரியும்? எதையாச்சும் திட்டி எழுது, புள்ள,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இந்த வருடம் அவள் வைக்கிற ரசத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து, உப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்றாள்.