சத்தம் சக்கரத்துலதான், அண்ணாச்சி

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி இன்பமணி அண்ணாச்சி அவர்களுக்கு, தங்கள் மகனுக்கு மாமனாராகும் பாக்கியம் இன்னும் கைநழுவிப் போய்விடவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிற அப்பாத்துரை ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பியூலாவும் மகள் ஸ்டெபியும் உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏரலில் தாங்களும் சம்பந்தியம்மா பொன்செல்வி அவர்களும் மாப்பிள்ளை ஹெப்ரானும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். முதலில் 'கனம் பொருந்திய சம்பந்தி' என்றுதான் மரியாதையாக ஆரம்பித்திருந்தேன். பியூலா எட்டிப் பார்த்தாள், தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டாள். இது இரண்டாவது தாள்.

போனில் பேசவேண்டியதைக் கடிதத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய வேத வசனங்களையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள், பதில் இல்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நிச்சயதார்த்தத்தன்று தங்கள் வீட்டு வாசல். தங்களுடைய புது வண்டி, ஏறுவதற்கே படி வைத்தது, தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில் என் பழைய பியட் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கல்யாணமான புதிதில் வாங்கி, பிள்ளையைத் துடைக்கிற மாதிரி தினமும் துடைத்து வைத்திருக்கிற வண்டி. போட்டோ எடுக்க வந்தவர், "அந்தக் குட்டி வண்டிய யாராவது தள்ளி நிறுத்துங்க, படத்துல இடைஞ்சலா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு வலித்தது, அண்ணாச்சி. பெண்ணைக் கொடுக்கிறவன் என்று ஏற்கெனவே பாதி உயரம் குறைந்து நிற்கிறேன், மீதிப் பாதியை இந்த வண்டியும் குறைக்கிறதே என்று தோன்றிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் முடிவு பண்ணிவிட்டேன், வண்டியை உயர்த்தியே தீர வேண்டும்.

உயர்த்துவதற்குப் பெரிய சக்கரம் மாட்டினால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவனுக்கு இதுகூடவா தெரியாது? பதினாலு இஞ்சுக்குப் பதிலாகப் பதினாறு இஞ்ச், முகம் பார்க்கிற பளபளப்பில் அலாய் வீல், அதற்கேற்ற அகலமான டயர். வண்டியை ஷெட்டில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து, வட்டம் போட்டுப் படம் வரைந்து, தாராளமாகக் கொள்ளும் என்று நிரூபித்தேன். டயர்க்கடை அம்பலவாணன் என்னிடம் படித்தவன். "உரசுமோ சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். படத்தை நீட்டினேன். சாருக்குத் தெரியாததா என்று மாட்டிவிட்டான். படத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டிக்குள்ளே மனிதர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கினால் மட்கார்டு கீழே இறங்கும் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. பரீட்சையில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் அவன் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன்.

சக்கரம் ஏறி நின்ற வண்டியைப் பார்த்துப் பியூலா, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டப் போகிற ஆள் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அது புகழ்ச்சியாகவே கேட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். வேகம் காட்டுகிற முள் நிஜத்தைவிடக் குறைத்தே காட்டும். எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கிற மூன்று ஞாயிறுகளில் முதல் ஞாயிறு வந்தது. மூன்று ஓலைக்கும் எங்கள் கோவிலுக்கே வருவதாகச் சொல்லித் தாங்களும் சம்பந்தியம்மாவும் வந்திருந்தீர்கள். குருவானவர் ஹெப்ரான் பெயரையும் ஸ்டெபி பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர் யாராவது உண்டா என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்த தாங்கள் என் தொடையில் தட்டி, "ஒரு தடையும் இல்ல வே" என்று காதுக்குள் சொன்னீர்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன். சாப்பாடு முடிந்ததும், மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி போயிருப்பதால் பஸ்ஸிலே போய்க்கொள்கிறோம் என்றீர்கள். சம்பந்தியைப் பஸ்ஸில் அனுப்புகிற ஆளா நான் என்று கையைப் பிடித்து இழுத்துப் பியட்டில் ஏற்றினேன்.

முன்னால் நானும் பியூலாவும், பின்னால் தாங்களும் சம்பந்தியம்மாவும். கிருஷ்ணாபுரம் தாண்டியதும் பின்னாலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். என்ன அது என்று கேட்டீர்கள். ரோடு சரியில்லை என்றேன். செய்துங்கநல்லூரில் ரப்பர் கருகுகிற வாடை. அறுப்பு முடிந்த வயலில் தாள் எரிக்கிறார்கள் என்றேன். ரெண்டு பக்கமும் அப்போதுதான் நட்ட பச்சை நாற்று. கருங்குளம் பஸ் ஸ்டாப்பில் புகையே வந்துவிட்டது, அதற்குச் சொல்ல என்னிடம் பொய் மிச்சமில்லை. நிறுத்தினேன்.

அந்த இடத்திலாவது ஒரு டாக்சி பிடித்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். காரணம் தெரியாத இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது பாடம். முதலில் பியூலாவை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இருந்தது. சம்பந்தியம்மாவையும் இறக்கிப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. பிறகு தங்களை இறக்கிவிட்டு, பெண்கள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றி ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை. திரும்பி வந்து, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை ஜனத்துக்கும் நடுவில், பரிசோதனை பலித்த பூரிப்பில் வாய்விட்டுச் சொன்னேன்:

"சத்தம் சக்கரத்துல இல்ல, அண்ணாச்சிகிட்டதான் இருக்கு."

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது. மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா மட்டும், பாவம், அவரை எதுக்குக் குத்தம் சொல்லுதீரு என்று தங்கள் பக்கம் பேசினாள். அதுவும் தங்களுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

"நான் பஸ்லயே வாரேன் வே. உம்ம வண்டி நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஏரல் பஸ் வந்தது, ஏறிவிட்டீர்கள். சம்பந்தியம்மா என் வண்டிக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி ஓடிவந்து ஜன்னலில் கெஞ்சலாம் என்று பார்த்தால், நான் கதவைத் திறப்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிடுகிறான். கண்ணாடி வழியாகத் தங்கள் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒரு தடவைகூடத் தாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாதான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்கள். உடம்பைக் குறைங்கள் என்று வீட்டிலும் இதையேதான் சொல்லுகிறார்களாம், தாங்கள் கேட்க மாட்டேன் என்கிறீர்களாம். சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இரண்டாவது ஓலைக்குத் தாங்கள் வரவில்லை. தங்களுக்குப் பிடித்துவைத்த இடம் காலியாகவே இருந்தது. தடை சொல்கிறவர் உண்டா என்று குருவானவர் கேட்டபோது, இப்போது கதவைத் திறந்துகொண்டு வந்து கையைத் தூக்கப்போகிறீர்கள் என்று திரும்பித் திரும்பிக் கதவையே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெபி சாப்பிடவில்லை. "ஒரு சக்கரத்துக்காகவாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணாச்சி, என்னைத் திட்டுங்கள், ஊரைக் கூட்டிச் சிரிக்க வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் கிறுக்குத்தனத்துக்கு அந்தப் பிள்ளை அழவேண்டாம். அவள் ஹெப்ரானை உயிராக நினைக்கிறாள்.

அலாய் வீல்களை அம்பலவாணனிடமே கொடுத்துவிட்டேன். வண்டி பழையபடி குட்டியாக நிற்கிறது, பக்கத்தில் நானும் குட்டியாக நிற்கிறேன். நாளை மூன்றாவது ஓலை. அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேராது. சேருகிற அன்றைக்காவது, சரிதான் போ என்று ஒரு வார்த்தை போனில் சொல்லுங்கள். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தங்கள் வீடும் வியாபாரமும் தங்கள் சரீரமும், அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும், கர்த்தருடைய காவலில் இருப்பதாக. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பும் மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள
அப்பாத்துரை

பி.கு.: ஞாயிறு மத்தியானம் எழுதுகிறேன். கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, மேலே எழுதிய எதுவும் இனிச் செல்லாது. இன்று காலை ஓலை வாசிக்கும்போது கோவில் கதவுப் பக்கம் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. தாங்கள்தானோ என்கிற ஆசையில் எழுந்து பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில்தான் குருவானவர் தடை உண்டா என்று கேட்டு முடித்தார். கோவில் முழுக்க எழுந்து நின்ற ஒரே ஆள், பெண்ணைப் பெற்ற நான். "அப்பாத்துரை சார், உங்களுக்கு என்ன தடை?" என்று குருவானவர் கேட்டார். பியூலா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "தடை இல்ல ஐயா, சம்பந்தியத் தேடுதேன்" என்று கடைசியில் சொன்னேன். சபை முழுக்கச் சிரித்தது, ஸ்டெபி சிரிக்கவில்லை. இப்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அப்பா கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார் என்கிற செய்தி இதற்குள் ஏரலுக்கு வந்திருக்கும். வந்துவிட்டது என்றே நினைக்கிறேன், மாப்பிள்ளை போனில் கூப்பிட்டு, "மாமா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார். அண்ணாச்சி, நிறுத்திவிடாதீர்கள் என்று தங்களைக் கெஞ்சத்தான் இவ்வளவும் எழுதினேன். இனித் தாங்கள் வந்து, உங்க அப்பன் நிறுத்த நினைக்கவில்லை என்று அவளிடம் சொன்னால்தான் அந்தக் கதவு திறக்கும். எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள், ஸ்டாண்டுக்கு நடந்தே வந்து நிற்கிறேன்.