எண்ணெய்க் கிண்ணம் திருடிய பார்சல் சார்

காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, விலங்கியல் பேராசிரியர் ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு தலத்தெருவில் ஓடுவதை. பின்னால் ஜொகராம்மா, கையில் துண்டோடு. காரைக்காலில் பட்டப்பகலில் தேங்காய் எண்ணெய் திருடிய ஒரே முனைவர் எங்கள் பார்சல் சார்தான்.

அது மாணவர்கள் வைத்த பெயர். பிறந்த எலிக்குட்டிகளின் அடிபட்ட நரம்புகள்தான் அவருடைய ஆராய்ச்சி. பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் ஓர் எலியின் முதுகுத்தண்டு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்து இலை எப்போதும் காலி.

அந்த வாரம் அடுத்த வீட்டு ரஹ்மத்துக்கு மகன் பிறந்திருந்தான். பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டு வலது கை துவண்டு கிடந்தது. அதை இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால், பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தடவி, கைகாலை இழுத்து நீவிக் குளிப்பாட்டுவதுதான் ஜொகராம்மாவின் தொழில்.

"நான் உருவிவிட்ட புள்ளைங்கல்லாம் இன்னிக்கு கப்பல்ல வேலை பாக்குது. ஒங்க எலி எத்தனை கப்பல்ல ஏறுச்சு சார்?"

"எல்லாக் கப்பல்லயும் ஏறும்மா. டிக்கெட்தான் எடுக்காது."

சார் வாசலில் நின்ற ரஹ்மத்திடம் திரும்பினார். "கைத் தசைதாம்மா துபாய். முதுகுத்தண்டுல இருக்குற நரம்புச் செல்லுதான் வீடு. தசை அனுப்புற வளர்ச்சிக் காரணிங்கிற பார்சல் நரம்பு வழியாத்தான் வீடு வந்து சேரணும். வழி அறுந்தா, பெரியவங்க செல்லு எப்படியோ தாங்கிக்கும். பச்சப்புள்ள செல்லு பட்டினியில செத்துரும். இருக்குற வழியையும் இவங்க பிச்சிரக் கூடாது."

"அந்தப் பார்சலை ஊசியில போட முடியாதா சார்?" என்று கேட்டார் ரஹ்மத்.

சார் முதல்முறையாகச் சுருக்கமாகப் பதில் சொன்னார். "எலிக்குட்டிக்குப் போட்டா கொஞ்ச நாள் செல்லு பொழைக்குதும்மா. மனுசப் புள்ளைக்கு இன்னும் வரல."

ஜொகராம்மா துண்டைத் தோளில் போட்டார். "அந்தக் கையத் தொடல. கிண்ணத்தக் குடுங்க."

கொடுத்தார்; ஆனால் நம்பவில்லை. தினமும் காலையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "வலது கை! வலது கை!" என்று கத்துவார். ஜொகராம்மா குறிபார்த்து அவர்மீது தண்ணீர் தெறிக்க விடுவார். விலங்கியல் துறையே குழந்தை சோப்பு மணத்தது.

டாக்டர் சொன்ன பயிற்சிகளை ரஹ்மத் விடாமல் செய்துவந்தார். மாதங்கள் போயின. ஒரு நாள், கத்துவதற்காகச் சார் குனிந்தபோது, குழந்தை வலது கையைத் தூக்கி அவர் மீசையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. ஜொகராம்மா சொம்பைக் கீழே வைத்தார். சார் குனிந்தபடியே இருந்தார்.

அன்று அவருடைய முதல் வகுப்பு நடக்கவில்லை.