பிளாஸ்திரிக்கு மேல் ஒரு பெயர்

கூரையில் ஓடு பதித்துக்கொண்டிருந்தபோது ஆணியில் மாட்டி எலீசியோவின் சட்டைக் கை கிழிந்தது. உள்ளே ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்திரி சான் அன்டோனியோ வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"என்னடா அது?" என்றார் மேஸ்திரி டெல்ஃபினோ. எலீசியோவைவிட நாலைந்து வயதே மூத்தவர். அவர் கையில் புதிதாகப் பச்சை குத்திய கழுகு சிறகை விரித்திருந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தரும் எச்.பி.வி. கிருமிக்கான தடுப்பூசி என்று சொல்ல எலீசியோவுக்கு வாய் வரவில்லை. முன்பு ஒருத்தன் அதைப் போட்டுக்கொண்டு வந்து உண்மையைச் சொல்லிவிட்டான். "அது பொம்பளைங்க ஊசிடா, செனோரிட்டா" என்று மேஸ்திரி ஓட்டிய ஓட்டில் அவன் வேலையையே விட்டுப் போனான்.

ஆனால் எலீசியோவின் தாய்மாமன் தொண்டைப் புற்றுநோயில் தண்ணீர்கூட இறங்காமல் செத்தவர். அந்தக் கிருமியாலும் அது வரலாம் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து அவனுக்குப் பயம். இன்னும் இரண்டு ஊசி பாக்கி.

"பச்சை குத்தியிருக்கேன். யரெட்ஸி பேரு."

"இத்தனூண்டு பிளாஸ்திரிக்குள்ள அத்தனை எழுத்தா?"

"முதல் எழுத்து மட்டும். மீதி சனிக்கிழமை."

யரெட்ஸி அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண். பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஒமார் அவளுடைய அண்ணன். "கலக்குற மச்சான்" என்றவன், கூரையிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல கறி சுடுறோம். எல்லாருக்கும் காட்டணும்" என்றாள் அவள் மாலையில்.

எலீசியோ உண்மையைச் சொல்லிப் பார்த்தான். "அது பச்சை இல்ல. ஒரு தடுப்பூசி. எச்.பி.வி.க்கு."

"அது எதுல தொத்தும்னு எனக்குத் தெரியும். எவகிட்ட போயிட்டு வந்த?"

"சும்மா சொன்னேன். உன் பேருதான்."

சனிக்கிழமை கம்பெனிச் சட்டையோடு, ஊசி போட்ட கிளினிக்கை ஒட்டிய பச்சை குத்தும் கடைக்குப் போனான். கடைக்கார ஹிமேனா பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஊசி குத்திய புள்ளியைப் பார்த்து, "எச்.பி.வி.யா?" என்றாள்; அவன் தலையாட்டினான்.

ஒரு ஊசியை மறைக்க ஓராயிரம் குத்து. வலியில் கண் கலங்கியது. மீதி ஊசிக்கு ஜென்மத்துக்கும் வருவதில்லை, மாமா மாதிரியே போய்ச் சேரவேண்டியதுதான் என்று முடிவுகட்டினான். அதை நினைத்ததும் நிஜமாகவே அழுதான்.

ஹிமேனா அவன் சட்டையிலிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, துடைத்துக்கொள்ள ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"உங்க மேஸ்திரியும் அந்த ஊசியப் போட்டுக்கிட்டு வந்து இதே நாற்காலியிலதான் அழுதாரு. அவருக்கு மானம் கொஞ்சம் பெரிசு, அதான் கழுகு."